சராசரியை மட்டும் நம்பலாமா? வரிசை எண் கொண்டு இரு முறைகளை ஒப்பிடுதல்

புதிய உரம், புதிய தெளிமருந்து, புதிய இரகம் என்று எது வந்தாலும் முதலில் வயலின் ஒரு பகுதியில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகே முழு வயலுக்கும் எடுத்துக்கொள்வது நம் உழவர்களின் நல்ல வழக்கம். ஆனால் போட்டுப் பார்த்த பிறகு "இது பலன் தந்ததா, இல்லையா" என்று முடிவு கட்டும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டு பக்கத்து மகசூலையும் நிறுத்து, சராசரி எடுத்து, எது அதிகமோ அது நல்லது என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சராசரியை நம்பிக் கைப்பணத்தைச் செலவிடலாமா என்பதை, கூட்டல் கணக்கு மட்டும் தெரிந்தவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அதை இக்கட்டுரையில் காண்போம்.

இதை எழுதும் நானும் ஒரு காலத்தில் சறுக்கியவன்தான். விரிவாக்கப் பணிக்கு வந்த புதிதில், ஒரு செயல் விளக்கத் திடலில் கிடைத்த கூடுதல் மகசூலைக் கண்டு, அந்த முறையை ஊர் முழுவதும் சொல்லி வந்தேன். அந்தத் திடல் வாய்க்கால் ஓரத்தில், வண்டல் படிந்த இடத்தில் இருந்தது என்பது அடுத்த பருவத்தில், மேட்டு வயல்காரர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டபோதுதான் உறைத்தது.

சராசரி எங்கே ஏமாற்றுகிறது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. இறவை நிலக்கடலை போட்டிருக்கும் ஓர் உழவர், ஒரு வளர்ச்சி ஊக்கியைச் சோதிக்க விரும்புகிறார். ஒரு சென்ட் அளவில் பத்துப் பாத்திகள். ஐந்தில் ஊக்கியைத் தெளிக்கிறார். ஐந்தில் வெறும் தண்ணீரைத் தெளிக்கிறார். அறுவடை செய்து, நன்கு காயவைத்து, காயை நிறுக்கிறார்.

ஊக்கி தெளித்த பாத்திகளில் (கிலோ): 7.8, 8.1, 7.4, 8.3, 13.6.
தண்ணீர் மட்டும் தெளித்தவற்றில்: 7.9, 8.2, 7.6, 8.0, 7.5.

முதல் அணியின் சராசரி 9.04 கிலோ. இரண்டாவது அணியின் சராசரி 7.84 கிலோ. சென்ட்டுக்கு 1.2 கிலோ, ஏக்கருக்கு 120 கிலோ கூடுதல்! மருந்து விற்பவர் இந்தக் கணக்கை அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிடுவார். அவர் பொய் சொன்னதாகவும் ஆகாது.

ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். 13.6 என்று ஒரு பாத்தி தனியாக நிற்கிறதே, அது எங்கே இருந்தது என்று கேட்டால், பழைய எருக்குழியை மூடிய இடம் என்று உழவரின் மனைவி சொல்லிவிடுவார். மற்ற நான்கு பாத்திகளும் தண்ணீர் தெளித்த பாத்திகளோடு கலந்தே நிற்கின்றன. எல்லாவற்றிலும் குறைந்த மகசூலான 7.4 கிலோ கூட ஊக்கி தெளித்த பாத்தியில்தான் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு பாத்தி மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துவிட்டது.

"அப்படியானால் அந்தப் பாத்தியை விட்டுவிட்டுக் கணக்குப் போடலாமே" என்று தோன்றும். கூடாது. பிடிக்காத எண்ணை நீக்கவும் பிடித்த எண்ணை வைத்துக்கொள்ளவும் தொடங்கினால் எந்த முடிவையும் வரவழைத்துவிடலாம். எல்லா எண்களையும் வைத்துக்கொண்டு, எந்த ஒரு எண்ணும் அளவுக்கு மீறி இழுக்காதபடி செய்ய வேண்டும்.

எடையை விட்டு இடத்தைப் பாருங்கள்

பத்துப் பாத்திகளையும், எந்த அணி என்று பாராமல், மகசூல் குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். குறைந்ததற்கு 1, அடுத்ததற்கு 2 என்று கடைசி வரை எண் கொடுங்கள். இதற்கு வரிசை எண் என்று பெயர்.

7.4 (ஊக்கி) 1, 7.5 (தண்ணீர்) 2, 7.6 (தண்ணீர்) 3, 7.8 (ஊக்கி) 4, 7.9 (தண்ணீர்) 5, 8.0 (தண்ணீர்) 6, 8.1 (ஊக்கி) 7, 8.2 (தண்ணீர்) 8; 8.3 (ஊக்கி) 9, 13.6 (ஊக்கி) 10.

எருக்குழிப் பாத்திக்குக் கிடைத்த எண் 10. அது 13.6 கிலோவுக்குப் பதில் 30 கிலோ காய்த்திருந்தாலும் அதன் எண் 10 தான். அதன் இழுப்பு அத்தோடு அடங்கிவிட்டது. அதை நாம் நீக்கவும் இல்லை.

இனி ஒவ்வோர் அணியின் வரிசை எண்களையும் தனித்தனியே கூட்டுங்கள். ஊக்கி அணி: 1, 4, 7, 9, 10, கூட்டல் 31. தண்ணீர் அணி: 2, 3, 5, 6, 8; கூட்டல் 24. இரண்டையும் சேர்த்தால் 55 வரவேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் 55 தானே. வராவிட்டால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஊக்கிக்கு ஒரு பலனும் இல்லையென்றால் இரு அணிகளின் எண்களும் நன்றாகக் கலந்து, ஒவ்வொன்றின் கூட்டலும் 27.5 ஐ ஒட்டியே இருக்கும். பலன் பெரிதாக இருந்தால் ஓர் அணி மேற்பக்கமும் மற்றது கீழ்ப்பக்கமும் ஒதுங்கிவிடும். முற்றிலும் பிரிந்துவிட்டால் ஒன்றின் கூட்டல் 15, மற்றதன் கூட்டல் 40. நமக்குக் கிடைத்த 24 எந்தப் பக்கம் சேர்ந்தது? 27.5 க்குப் பக்கத்திலா, 15 க்குப் பக்கத்திலா? கண்ணால் பார்த்தாலே ஓரளவு தெரிகிறது. ஆனாலும் "ஓரளவு" என்பது போதாது. எல்லைக்கோடு ஒன்று வேண்டும்.

எல்லைக்கோடு எங்கிருந்து வருகிறது?

அட்டவணையைப் பார்த்து ஒப்புக்கொள்ளச் சொன்னால் நம் உழவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது. ஆகவே இதைச் சற்று நின்று விளக்குகிறேன்.

பத்துப் புளியங்கொட்டைகளில் 1 முதல் 10 வரை எண் எழுதி ஒரு செம்பில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுங்கள். எந்த ஐந்து வேண்டுமானாலும் வரலாம். மொத்தம் 252 விதமாக ஐந்து கொட்டைகள் வர வழியுண்டு. எல்லா விதமும் வருவதற்குச் சம வாய்ப்பு. மருந்து, உரம் எதுவும் இல்லாமல், வெறும் குலுக்கலால் மட்டும் வருபவை இவை.

இந்த 252 இல் கூட்டல் 15 வருவது ஒரே ஒரு விதம்: 1, 2, 3, 4, 5. கூட்டல் 16 வருவதும் ஒரே விதம்: 1, 2, 3, 4, 6. கூட்டல் 17 வருவது இரண்டு விதம்: 1, 2, 3, 4, 7 மற்றும் 1, 2, 3, 5, 6. ஆக, 17 அல்லது அதற்குக் கீழே வருவது நான்கே விதம். மேற்பக்கத்திலும் இதே போல 38, 39, 40 ஆகியவை சேர்ந்து நான்கு விதம். இரு பக்கமும் சேர்த்து 252 க்கு 8. அதாவது நூற்றுக்கு மூன்று தடவை அளவில்தான் வெறும் தற்செயலாக இப்படி நேரும்.

கூட்டல் 18 ஐயும் சேர்த்துக்கொண்டால்? அது மூன்று விதமாக வரும். இரு பக்கமும் சேர்த்து 14 ஆகி, நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடுகிறது. ஆராய்ச்சி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் தற்செயலாக வரக்கூடியதை நம்பி முடிவு செய்வதில்லை என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஐந்து ஐந்து பாத்திகளுக்கு எல்லை 17. சிறிய கூட்டல் 17 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் "இது தற்செயல் அல்ல" என்று சொல்லலாம்.

நமக்கு வந்தது 24. ஊக்கிக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இந்த அளவு அல்லது இதற்கு மேற்பட்ட பிரிவு 252 இல் 138 விதங்களில், அதாவது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், தானாகவே வந்துவிடும். ஏக்கருக்கு 120 கிலோ என்ற அட்டையின் கதி இதுதான்.

இன்னொரு வயல்

அதே உழவர் மற்றொரு வயலில் ஜிப்சத்தைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு, காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. இலையிலிருந்து கீழே இறங்கி வருவது மிகவும் சொற்பம். அதனால்தான் விதைத்த 40 முதல் 45 நாளில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். சென்ட்டுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ ஆகும். பொக்குக் காய் குறைவதும் இதனால்தான்.

ஜிப்சம் இட்டவை: 8.9, 9.4, 8.6, 9.1, 8.2. சராசரி 8.84.
இடாதவை: 7.7, 8.3, 7.9, 8.0, 7.4. சராசரி 7.86.

வேறுபாடு 0.98 கிலோ. ஊக்கி காட்டிய 1.2 கிலோவைவிடக் குறைவு. வரிசைப்படுத்துங்கள். இடாத பாத்திகளுக்கு 1, 2, 3, 4, 6, கூட்டல் 16. இட்டவற்றுக்கு 5, 7, 8, 9, 10, கூட்டல் 39. சேர்ந்து 55, சரி. சிறிய கூட்டல் 16, எல்லையான 17 க்குள் வந்துவிட்டது. பெரிய வேறுபாடு நிற்கவில்லை. சிறிய வேறுபாடு நின்றுவிட்டது.

பலன் எவ்வளவு என்று சொல்லவும் சராசரிக்குப் பதிலாக நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. ஐந்து எண்களை ஏறுவரிசையில் வைத்தால் மூன்றாவதாக நிற்பது நடு எண். ஜிப்சம் இட்டதில் 8.9, இடாததில் 7.9, வேறுபாடு 1 கிலோ. ஊக்கிக் கணக்கில் 8.1, 7.9, வேறுபாடு வெறும் 0.2 கிலோ. இந்தக் கூடுதல் காயின் விலை, ஜிப்சம் விலையையும் தூவும் கூலியையும் தாண்டுகிறதா என்பது வேறு கணக்கு. அதை உங்கள் ஊர் விலையை வைத்து நீங்கள்தான் போடவேண்டும். வேறுபாடு மெய்யா என்று மட்டுமே வரிசை எண் சொல்லும். இலாபமா என்று சொல்லாது.

இந்த முறையைத் தந்தவர்

இதை வகுத்தவர் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளோடு பழகியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிராங்க் வில்காக்சன், 1892 இல் அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர், வேதியியல் படித்தவர். நியூயார்க் மாநிலத்தில் இருந்த பாய்ஸ் தாம்ப்சன் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் பூசணக்கொல்லிகளையும் பூச்சிக்கொல்லிகளையும் ஆராய்ந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் நீண்ட கணக்குகளைக் கையால் போடவேண்டியிருந்த காலம் அது. எண்களுக்குப் பதில் அவற்றின் இடத்தை வைத்தே விரைவில் முடிவு காணலாம் என்று 1945 இல் ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். ஈக்களைக் கொல்லும் இரண்டு தெளிமருந்துகளை ஒப்பிட்ட கணக்கு அதில் வருகிறது. 1947 இல் மான், விட்னி என்ற இருவர் இதே முறையை வேறு வழியில் விரிவாக்கினார்கள். ஆகவே சில நூல்களில் இதை மான்-விட்னி சோதனை என்றும் காணலாம். இரண்டும் தருவது ஒரே முடிவையே.

சோதனையை நடத்தும் முறை

கணக்கு எளிது. வயலில் செய்யவேண்டிய வேலைதான் கவனம் கேட்பது. அது சரியில்லாவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

முதலாவது, வயலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் உரமிட்டு மறுபாதியில் இடாமல், ஒவ்வொரு பாதியிலும் ஐந்து இடத்தில் நிறுத்துவிட்டு "ஐந்து பாத்தி" என்று சொல்லாதீர்கள். ஒரு பாதி மேடாகவும் மறுபாதி பள்ளமாகவும் இருந்தால், நீங்கள் மேட்டையும் பள்ளத்தையும் ஐந்து முறை நிறுத்தவர் ஆவீர்கள்; உரத்தை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. இது மிகப் பரவலான தவறு, படித்தவர்களும் செய்வது. பத்துப் பாத்திகளும் வயலெங்கும் கலந்து இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக உரமிடவேண்டும்.

எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்கவேண்டும். "நல்ல பாத்தியாகப் பார்த்து" என்ற பேச்சே கூடாது. நம் கை தானாகவே நல்ல இடத்தைத் தேடும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்த முறை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே நேர்மை பாத்திக்கும் வேண்டும். குலுக்கினாலும் எருக்குழி ஒரு பக்கம் விழத்தான் செய்யும். ஆனால் எந்தப் பக்கம் விழும் என்பது நம் விருப்பத்தில் இல்லை. புளியங்கொட்டைக் கணக்கு பொருந்துவதும் அப்போதுதான்.

விதை, விதைக்கும் நாள், பாசனம், களையெடுப்பு அனைத்தும் ஒன்றாக இருக்கட்டும். பாத்திகளுக்கு நடுவே வரப்பு விடுங்கள்; பாசன நீரோடு ஒன்றின் உரம் மற்றொன்றுக்குப் போகக் கூடாது. ஓரத்து வரிசைகளைத் தனியே பிடுங்கி ஒதுக்கிவிட்டு, உட்புறத்தில் ஒரே அளவு பரப்பை மட்டும் நிறுங்கள். எல்லாக் காயையும் ஒரே அளவு காயவைத்து, ஒரே தராசில் நிறுக்கவேண்டும். ஈரக் காயையும் உலர்ந்த காயையும் ஒப்பிட்டுவிட்டு உரத்தைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பாத்தியையே இரண்டாக்கி ஒரு பாதிக்கு இட்டு மறுபாதிக்கு இடாமல் விட்டால், அவை இரட்டைப் பிள்ளைகள் போல. தனித்தனிப் பாத்திகள் அல்ல. அதற்கு வேறு கணக்கு உண்டு. இந்த எல்லைகள் அதற்குப் பொருந்தா.

எத்தனை பாத்தி வேண்டும்?

அணிக்கு மூன்று பாத்தி போதாது. மூன்று மூன்றாக எடுத்தால் மொத்தம் 20 விதம்தான். முற்றிலும் பிரிந்து வந்தாலும் இரு பக்கமும் சேர்த்து 20 க்கு 2, நூற்றுக்குப் பத்து. எவ்வளவு நல்ல உரமானாலும் எல்லையைத் தொட வழியில்லை. ஒவ்வோர் அணியிலும் எத்தனை பாத்தியோ அதற்கேற்ப, சிறிய கூட்டல் தாண்டக் கூடாத எல்லை வருமாறு: 4 பாத்தி என்றால் 10, 5 பாத்தி என்றால் 17, 6 பாத்தி என்றால் 26, 7 பாத்தி என்றால் 36, 8 பாத்தி என்றால் 49.

என்னைக் கேட்டால் ஆறுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன். பாத்தி குறையக் குறைய, மெய்யான பலனும் கண்ணுக்குத் தப்பிவிடும். எல்லைக்குள் வராவிட்டால் "பலன் இல்லை" என்று அடித்துச் சொல்லவும் கூடாது. "இந்தச் சோதனையில் தெரியவில்லை" என்பதே சரி. அடுத்த பருவத்தில் கூடுதல் பாத்திகளோடு மறுபடி பாருங்கள்.

ஒரு பாத்தியை மாடு மேய்ந்துவிட்டால்? நான்கும் ஐந்தும் ஆக எஞ்சினால், நான்கு பாத்தி உள்ள அணியின் கூட்டலை மட்டும் பாருங்கள். அது 11 அல்லது அதற்குக் குறைவாகவோ, 29 அல்லது அதற்கு அதிகமாகவோ இருந்தால் வேறுபாடு மெய் எனக் கொள்ளலாம்.

இரண்டு பாத்திகள் ஒரே எடை காட்டினால், அவை பிடிக்கும் இடங்களின் எண்களைக் கூட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொடுங்கள். நான்காம், ஐந்தாம் இடங்களில் இரண்டுமே 8.0 என்றால் ஒவ்வொன்றுக்கும் 4.5. இப்படிச் சம எண்கள் மிகுதியாக வந்தால் மேலே சொன்ன எல்லை சற்றுத் தோராயமானதே. எல்லையை ஒட்டி நிற்கும் கூட்டலை அப்போது நம்பவேண்டாம்.

நீங்களே ஒரு கணக்கு

எடை போடமுடியாததையும் இம்முறையால் ஒப்பிடலாம். நிலக்கடலை இலைப்புள்ளி நோய்க்கு, நோயற்றதற்கு 1, இலையெல்லாம் கருகி உதிர்ந்ததற்கு 9 என்று மதிப்பெண் தருவார்கள். 4 மதிப்பெண் என்பது 2 இன் இருமடங்கு நோய் என்று சொல்வதற்கில்லை. ஆகவே சராசரி இங்கே சரிப்படாது. எது கூடுதல், எது குறைவு என்ற வரிசை மட்டும் மெய்.

பூசணக்கொல்லி தெளித்த ஆறு பாத்திகளின் மதிப்பெண்: 3, 4, 2, 4, 5, 3. தெளிக்காத ஆறு பாத்திகள்: 6, 5, 7, 4, 8, 6. சிலேட்டை எடுத்துக்கொண்டு, விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

விடை: 2 க்கு வரிசை எண் 1; 3 என்ற இரண்டுக்கும் தலா 2.5, 4 என்ற மூன்றுக்கும் தலா 5, 5 என்ற இரண்டுக்கும் தலா 7.5, 6 என்ற இரண்டுக்கும் தலா 9.5, 7 க்கு 11, 8 க்கு 12. தெளித்த அணியின் கூட்டல் 23.5, தெளிக்காத அணியின் கூட்டல் 54.5, மொத்தம் 78. ஆறு பாத்திகளுக்கு எல்லை 26.